அயர்லாந்து மூதாதையரைத் தேடப் போகிறீர்களா? பாலக்காட்டுக் கணவாயிலிருந்தே தொடங்குங்கள்

போத்தனூர், ஒலவக்கோடு, சொரனூர் என்று ரயில்வே காலனிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் "எங்க கொள்ளுத்தாத்தா அயர்லாந்துக்காரர்" என்ற பேச்சு உண்டு. குடும்பப் பேர் ரயன், மர்ஃபி, கெல்லி, சலிவன் என்று இருக்கும். பிள்ளைகள் வீட்டில் இங்கிலீஷும் தெருவில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்திருப்பார்கள். அயர்லாந்தில் எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தெரிந்த குடும்பங்களுக்காகப் பழைய பதிவேடுகளைத் தேடிக் கொடுத்துப் பழக்கம் உண்டு, அதனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதை ஒத்திப்போட வேண்டும் என்று சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் செய்வது, ஏதாவது ஒரு அயர்லாந்து இணையதளத்தைத் திறந்து தாத்தா பேரைப் போட்டுத் தேடுவது. அதைக் கடைசிக்கு வையுங்கள். மர்ஃபி என்பது அந்த நாட்டிலேயே அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பேர். ஜான் மர்ஃபி என்று அடித்தால் பக்கம் பக்கமாக வரும், வயது கொஞ்சம் பொருந்துகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டால் யாரோ ஒருவருடைய தாத்தாவை நம் வீட்டுப் படத்தில் மாட்டிவிடுவோம். இணையத்தில் ஏற்கெனவே மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்களில் பாதி இப்படி வளர்ந்தவைதான் என்பது என் எண்ணம். ஒருவர் போட்டதை இன்னொருவர் நகல் எடுப்பார், பத்துப் பேர் நகல் எடுத்ததும் அது உண்மை மாதிரி தெரியும்.

நமக்கு வேண்டியது ஊர். அதிலும் கவுண்ட்டி பேர் மட்டும் இருந்தால் போதாது. அயர்லாந்து 32 கவுண்ட்டிகளாகப் பிரிந்தது, அதற்குள் பேரனி, அதற்குள் சிவில் பாரிஷ், அதற்கும் உள்ளே டவுன்லாண்ட். டவுன்லாண்டுகள் மட்டும் 60,000க்கு மேல் இருக்கின்றன. மலபார் பக்கத்துப் பழைய ஆதாரங்களைப் புரட்டியவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும்: தாலுகா, அம்சம், தேசம் என்று எழுதியிருக்குமே, அதில் தேசம் என்கிற அளவில் இருப்பதுதான் டவுன்லாண்ட். சிலது நாலைந்து வீடுகள்தான். அந்த ஒரு பேர் கிடைத்துவிட்டால் அதே பேருடைய மற்ற ஆட்கள் எல்லாம் தானாகக் கழிந்து போவார்கள். அது கிடைக்கும் வரை அயர்லாந்துப் பக்கம் போக வேண்டாம், இங்கேயே தேடுவதற்கு நிறைய இருக்கிறது.

வீட்டில் தொடங்குங்கள். வீட்டிலிருக்கும் வயதான பெண்களிடம் முதலில் கேளுங்கள், ஏனென்றால் ஆண்கள் உத்தியோகத்தையும் ரெஜிமெண்டையும் சொல்வார்கள், பெண்களுக்குத்தான் யார் யாருக்கு ஞானத்தாய், எந்தக் கோயிலில் கல்யாணம், எந்தக் குழந்தை சின்ன வயதில் இறந்தது என்பதெல்லாம் நினைவிருக்கும். "ஆண்ட்டி, உங்க அப்பாவோட அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பேரு?" என்ற ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். நம் அரசியல் சட்டத்தின் 366வது பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தந்தை வழியை வைத்துத்தான் சொல்கிறது. அதனாலோ என்னவோ வீடுகளிலும் தந்தை வழிப் பேரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு அம்மா, பாட்டி வழிகளை விட்டுவிட்டார்கள். அயர்லாந்துப் பதிவேட்டில் நமக்குச் சாவியாக இருக்கப் போவது பெரும்பாலும் அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பேர்தான். குடும்ப பைபிளின் முதல் பக்கங்கள், கல்லறைக் கல், ரயில்வே சர்வீஸ் புத்தகம், பென்ஷன் தாள், போட்டோவின் பின்பக்கம், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே குறித்துக்கொள்ளுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். அந்தப் பிழையே பின்னால் தேட உதவும்.

அடுத்தது கோயில். நம்முடைய எல்லைப் பிரதேசத்துக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது, சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. கத்தோலிக்க மறைமாவட்ட எல்லை இந்த இரண்டோடும் ஒட்டவில்லை. இந்தப் பக்கத்துத் தமிழ் லத்தீன் கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் கோயமுத்தூர் மறைமாவட்டத்தில் இருந்தார்கள், 2013 டிசம்பரில்தான் கோயமுத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து பாலக்காட்டில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உண்டாக்கினார்கள். ஆகவே "கேரளாவில் இருக்கிற கோயில், கேரளாவில்தான் ரெக்கார்டு இருக்கும்" என்று நினைக்க வேண்டாம். முதலில் பங்குக் கோயிலின் பதிவேடு, அங்கே இல்லையென்றால் அந்தப் பங்கு எந்தத் தாய்ப் பங்கிலிருந்து பிரிந்ததோ அங்கே, அதற்கப்புறம் மறைமாவட்டக் காப்பகம், இந்த வரிசையில் கேளுங்கள். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமாக இல்லாமல் ஆங்கிலிகன் வழியாக இருந்தால் இன்றைய சி.எஸ்.ஐ. கோயில்களில் விசாரிக்க வேண்டும். அயர்லாந்துக்காரர் என்றாலே கத்தோலிக்கர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சர்ச் ஆஃப் அயர்லாந்து என்கிற அந்த நாட்டு ஆங்கிலிகன் சபைக்காரர்களும், பிரெஸ்பிட்டீரியன் என்கிற இன்னொரு புராட்டஸ்டண்ட் சபைக்காரர்களும் நிறையப் பேர் இந்தியா வந்திருக்கிறார்கள்.

பங்குச் சாமியாரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் போய் நிற்க வேண்டாம். வார நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, உத்தேச வருஷத்தோடு போங்கள். அச்சடித்த சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடவும் வேண்டாம். அந்தப் படிவத்தில் நாலு விஷயம்தான் இருக்கும், பதிவேட்டின் மூல வரியில் இன்னும் எவ்வளவோ இருக்கும்: ஞானப் பெற்றோர் பேர், தந்தையின் வேலை, குடியிருந்த இடம், ஓரத்தில் யாரோ சின்ன எழுத்தில் எழுதிய குறிப்பு. 1908க்குப் பிறகு கத்தோலிக்க நடைமுறையில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனதும் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் அனுப்பி, அந்த ஞானஸ்நான வரியின் ஓரத்தில் கல்யாண விவரத்தைக் குறித்துவைப்பார்கள். போத்தனூரில் பிறந்த பெண் பெரம்பூரில் கட்டிக்கொண்டாள் என்பது இப்படித்தான் தெரியவரும். முழு வரியையும் படம் எடுக்க அனுமதி கேளுங்கள், கிடைக்கவில்லையென்றால் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்ளுங்கள். கோயமுத்தூர்ப் பக்கம் இருந்த சாமியார்கள் பலர் பிரெஞ்சு மிஷனைச் சேர்ந்தவர்கள், ஐரிஷ் பேர்களைக் காதில் விழுந்தபடி, லத்தீனில் எழுதியிருக்க வாய்ப்புண்டு. கண்ணால் மட்டும் தேடாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இந்தியப் பதிவேடுகளில் எதை விட்டாலும் கல்யாணப் பதிவை விடாதீர்கள். குழந்தையின் ஞானஸ்நானம் அப்பா, அம்மா யார் என்று சொல்லும், அதோடு நின்றுவிடும். கல்யாணப் பதிவு ஒரு தலைமுறை மேலே ஏறும். 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் படிவத்தில் மணமக்களின் வயது, தொழில், இருப்பிடத்தோடு இருவருடைய தகப்பனார் பேரும் கேட்கப்படும். அயர்லாந்தில் பிறந்து இங்கே கட்டிக்கொண்ட ஆள் என்றால், அந்தத் தகப்பனார் அயர்லாந்தை விட்டு வெளியே காலே வைக்காத விவசாயியாகக்கூட இருக்கலாம், ஆனால் அவர் பேர் நம்மூர்ப் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கும். கடல் தாண்டுவதற்கு நமக்கு இருக்கிற பாலம் இந்த ஒரு கட்டம்தான். ஜான் ரயன் என்று தேடினால் திணறிப்போவீர்கள், டெனிஸ் ரயனுடைய மகன் ஜான் ரயன், உத்தேசமாக 1868இல் பிறந்தவர் என்று தேடினால் பத்துப் பதினைந்து பேருக்குள் வந்துவிடுவீர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதிக் கல்யாணப் பதிவுகளில் பெரும்பாலும் தகப்பனார் பேர் இருக்காது, அங்கே வேறு வழி பார்க்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். சாட்சிக் கையெழுத்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள். சாட்சி பெரும்பாலும் அதே ரெஜிமெண்டில் அல்லது அதே ஷெட்டில் வேலை பார்த்தவர், சில சமயம் உடன் பிறந்தவர்.

கோயில் பதிவேடு செல்லரித்துப் போயிருந்தால் மனம் தளர வேண்டாம். சென்னை மாகாணத்தில் நடந்த ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன, சென்னைத் தொகுதிக்கு என்/2 என்று குறியீடு. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டினால் பக்கத்தின் படத்தையே பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இந்தியப் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றின் அட்டவணை இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். ஃபிபிஸ் என்று சுருக்கமாகச் சொல்கிற, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். கத்தோலிக்கக் கல்யாணங்கள் எல்லாமே லண்டன் போய்ச் சேரவில்லை, நடுவில் விடுபட்டவை உண்டு, அதனால்தான் உள்ளூர்க் கோயிலை முதலில் சொன்னேன். தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலைப் போடுங்கள்: பால்காட், பால்காட்சேரி, கன்னனூர், காலிகட். இன்னொன்று, நம்ம சித்தூரும் ஆந்திரா எல்லையில் இருக்கிற சித்தூரும் அட்டவணையில் குழம்பிக் கிடக்கும். அந்தச் சித்தூர் அந்தக் காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவின் தலைமையிடம், வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த ஊர். ஜில்லாவைப் பார்க்காமல் ஊர்ப் பேரை மட்டும் நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தகப்பனார் பேர் கிடைக்காதபோது கைகொடுப்பது பட்டாளம். தென்னிந்தியாவுக்கு வந்த ஐரிஷ்காரர்களில் பெரும்பங்கு சிப்பாய்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன்பும் பின்பும் வயிற்றுப்பாட்டுக்காகக் கம்பெனிப் படையிலும் அரசியின் படையிலும் சேர்ந்தவர்கள் ஏராளம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஐரோப்பிய ரெஜிமெண்ட்தான் பின்னால் மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1862இல் 102ஆவது ரெஜிமெண்ட் ஆகி, 1881இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸில் ஒரு பட்டாலியன் ஆனது. மலபாரில் 1921 கலவரத்தின்போது இருந்தது லின்ஸ்டர் ரெஜிமெண்ட், அதுவும் அயர்லாந்துப் படைதான், மறு வருஷமே கலைத்துவிட்டார்கள். ஆனால் ரெஜிமெண்ட் பேரில் டப்ளின் இருந்தால் ஆள் டப்ளின்காரர் என்று அர்த்தமில்லை, இங்கிலாந்துப் பேருள்ள ரெஜிமெண்டிலும் ஐரிஷ்காரர்கள் நிறைய இருந்தார்கள். வீட்டில் "டப்ளின்" என்று சொல்லிக்கொண்டிருப்பது இந்த ரெஜிமெண்ட் பேராகவே இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

அரசப் படையில் இருந்து பென்ஷனோடு விலகியவர்களின் டிஸ்சார்ஜ் தாள்கள் லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 என்ற தொகுதியில் இருக்கின்றன. அதில் இன்ன பாரிஷில், இன்ன ஊரின் பக்கத்தில், இன்ன கவுண்ட்டியில் பிறந்தவர் என்று நிரப்பும் படிவம் உண்டு. நமக்கு வேண்டியது அப்படியே கிடைக்கும். 1854 வரையிலான தாள்களுக்கு காப்பகத்தின் இணைய அட்டவணையிலேயே, பணம் கட்டாமலே, பிறந்த இடம் தெரியும்படி போட்டிருக்கிறார்கள். சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனவருக்கு இந்தத் தாள் இருக்காது. இந்தியாவில் காலராவில் போன சிப்பாய்களை இந்தத் தொகுதியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அவர்களுக்கு அடக்கப் பதிவும் ரெஜிமெண்டின் ஆள் கணக்கான மஸ்டர் ரோலும்தான். பெற்றோரை இழந்த சிப்பாய்களின் பிள்ளைகளை 1858இல் ஊட்டியில் தொடங்கிய லாரன்ஸ் பள்ளிக்கு அனுப்பினார்கள், சென்னையில் 1842இல் அயர்லாந்திலிருந்து வந்த பிரசன்டேஷன் கன்னியர்களின் பள்ளிகளும் இருந்தன. அப்படி ஒரு பேச்சு வீட்டில் இருந்தால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு பற்றிக் கடிதம் போட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது கையில் ஒரு பேர், தகப்பனார் பேர், உத்தேசப் பிறந்த வருஷம், முடிந்தால் ஒரு கவுண்ட்டி அல்லது பாரிஷ் இருக்கிறது. இனி அயர்லாந்து.

அயர்லாந்தில் எல்லா மதத்தவருக்குமான அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1864 ஜனவரி 1இல் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் கல்யாணங்கள் மட்டும் 1845 ஏப்ரல் முதல் பதிவாகின. இந்தப் பதிவேடுகளின் பக்கங்களை அந்த நாட்டு அரசே ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ என்ற தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பிறப்பு என்றால் 100 வருஷத்துக்கு முந்தியது, கல்யாணம் 75, இறப்பு 50. 1922க்கு முன் அயர்லாந்து ஒரே நிர்வாகம் என்பதால் இன்றைய வட அயர்லாந்தின் ஆறு கவுண்ட்டிகளுக்கும் 1921 வரையான பதிவுகள் இங்கே வரும், அதற்குப் பிறகு பெல்ஃபாஸ்டில் தனி அலுவலகம், அங்கே பணம் கட்ட வேண்டும். அட்டவணையில் பேரும் வருஷமும் மாவட்டமும்தான் இருக்கும். பக்கத்துப் படத்தைத் திறந்தால்தான் விஷயமே, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சலிப்பாக இருந்தாலும் திறந்து பாருங்கள்.

பிறப்பு வரியில் பிறந்த தேதி, இடம், குழந்தை பேர், தகப்பனார் பேரும் இருப்பிடமும், தாயின் பேரும் பிறந்த வீட்டுப் பேரும், தகப்பனாரின் தொழில், தகவல் சொன்னவர் யார் என்பது வரை இருக்கும். இடம் என்ற கட்டத்தில் எழுதியிருப்பது கிராமப்புறத்தில் பெரும்பாலும் டவுன்லாண்டின் பேர். அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். தகவல் சொன்னவர் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்டிருந்தால் அவருக்கு எழுதத் தெரியாது, ஆகவே பேரின் எழுத்துக்கூட்டல் பதிவாளருடையது, குடும்பத்துடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு விநோதம்: சில சமயம் ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதிக்கு முன்னால் இருக்கும். பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது விதி, தாமதமானால் அபராதம் விழும், அதனால் பெற்றோர் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். கோயில் தேதியை நம்புங்கள்.

பதிவு மாவட்டங்கள் பற்றி நம் எல்லைக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அவை ஏழைகள் நிவாரணத்துக்காக உண்டாக்கிய யூனியன்களின் எல்லையைப் பின்பற்றியவை, கவுண்ட்டி எல்லையை மதிக்காதவை. பாலினஸ்லோ மாவட்டம் கால்வே, ராஸ்காமன் இரண்டிலும் கிடக்கிறது. கேரிக்-ஆன்-ஷூர் மாவட்டம் டிப்பரரி, வாட்டர்ஃபோர்ட், கில்கென்னி மூன்றையும் தொடுகிறது. வாளையாருக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஒரே குடும்பத்தின் காகிதங்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. சிப்பாய்த் தாளில் கால்வே என்று இருந்து பிறப்பு அட்டவணை வேறு கவுண்ட்டி ஊரைக் காட்டினால் உடனே ஒதுக்காமல் வரைபடத்தைப் பாருங்கள்.

கல்யாண வரியில் இருவரின் தகப்பனார் பேரும் அவர்கள் தொழிலும் இருக்கும், தாய் பேர் இருக்காது. வயது என்ற கட்டத்தில் பல இடங்களில் 'முழு வயது' என்று மட்டும் எழுதியிருப்பார்கள், 21 அல்லது அதற்கு மேல் என்று அர்த்தம், 21 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணம் பொதுவாகப் பெண் வீட்டுப் பங்கில் நடக்கும், ஆண் வீட்டு ஊரில் தேடிக் கிடைக்கவில்லையென்றால் அதுதான் காரணம். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் கத்தோலிக்கக் கிராமங்களில் திருநீற்றுப் புதனுக்கு முந்திய வாரங்களில் கல்யாணங்கள் குவிந்திருக்கும், ஜனவரி பிப்ரவரிப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள்.

1864க்கு முன்னால் பிறந்த கத்தோலிக்கருக்குக் கோயில் பதிவேடுதான் கதி. அயர்லாந்து தேசிய நூலகம் 1880 வாக்கில் வரையான கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை 2015 முதல் இலவசமாக வைத்திருக்கிறது. அந்தத் தளத்தில் பேர் போட்டுத் தேட முடியாது, பங்கைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பேர் அட்டவணை ஃபைண்ட்மைபாஸ்டில் இருக்கிறது. கெர்ரி, கார்லோ, டப்ளின், கார்க்கின் ஒரு பகுதி என்றால் அரசுத் தளத்திலேயே கோயில் பதிவுகளும் உண்டு. மேற்குக் கவுண்ட்டிகளின் ஏழைப் பங்குகள் பலவற்றில் பதிவேடே 1820, 1830களுக்கு மேல்தான் தொடங்கும், அதற்கு முந்திய ஆளைத் தேடி அடம்பிடிக்க வேண்டாம். எழுத்து லத்தீனில் இருக்கலாம்: யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், யோவான்னஸ் என்றால் ஜான். நம்மூர்க் கோயில் பதிவேடுகளைப் பார்த்த கண்ணுக்கு இது பழகிவிடும். ஞானப் பெற்றோர் பேர்களை இங்கேயும் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா முறையில் இருப்பவர்கள்.

"1922இல் எல்லாம் எரிந்துபோச்சு" என்று பலர் தேடலையே விட்டுவிடுகிறார்கள். எரிந்தது டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்கிற நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம். அதில் 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கில் பெரும்பகுதியும், சர்ச் ஆஃப் அயர்லாந்து பதிவேடுகளில் ஒரு பெரும்பங்கும், உயில்களும் போயின. அரசுப் பிறப்பு, திருமணப் பதிவுகள் அங்கே இல்லை, கத்தோலிக்கப் பதிவேடுகளும் அங்கே இல்லை, இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. 1901, 1911 கணக்குகள் முழுசாக இணையத்தில் இலவசம். பஞ்ச காலத்தை ஒட்டி 1847இலிருந்து 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் டவுன்லாண்ட் வாரியாகக் குடும்பத் தலைவர் பேர் இருக்கும், அதுவும் இலவசம். பிறப்பு வரியில் கிடைத்த டவுன்லாண்டை இதில் போட்டுப் பார்த்தால் தாத்தாவுக்குத் தாத்தா எத்தனை ஏக்கர் குத்தகைக்கு வைத்திருந்தார், யாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தார் என்பது வரை தெரியும். இந்த இடத்துக்கு வரும்போது குடும்பத்தாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பேர் விஷயத்தில் தாராளமாக இருங்கள். ஓ'சலிவன் ஒரு பதிவில் சலிவன், ரெய்லி ஒரு பதிவில் ஓ'ரெய்லி, 'ஓ'வும் 'மக்'கும் வரும் போகும். பிரிஜெட் என்பவள் பிரைடி, டெலியா, பிடி எல்லாமாக இருப்பாள், ஹொனோரா நோராவாக இருப்பாள். வயதிலும் அப்படித்தான். 1901இலிருந்து 1911க்குள் சிலருக்குப் பதினைந்து வயது கூடியிருக்கும், 1908 சட்டத்தின்படி 70 வயதானவர்களுக்கு அரசு பென்ஷன் கொடுக்க ஆரம்பித்ததே காரணம். மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா பேர், இரண்டாவது மகனுக்கு அம்மா வழித் தாத்தா பேர் என்று வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது, நம்மைப் போலத்தான். அதனால் அண்ணன் தம்பி நாலு பேருக்கும் ஒரே தாத்தா பேருடைய மகன்கள் ஒரே ஊரில் இருப்பார்கள். அங்கேதான் தவறான ஆளைப் பிடிப்பது அதிகம்.

பொருத்தமான பிறப்புப் பதிவு ஒன்று கிடைத்ததும் அதை உறுதி செய்வதைவிட உடைக்கப் பாருங்கள். முதலில், அந்தக் குழந்தை சின்ன வயதிலேயே இறந்ததா என்று அதே மாவட்டத்து இறப்புப் பதிவில் பத்து வருஷத்துக்குத் தேடுங்கள். இறந்திருந்தால், அதே பேரை அடுத்த குழந்தைக்கு வைத்தார்களா என்றும் பாருங்கள், வைப்பது சகஜம், உங்கள் ஆள் அந்த இரண்டாவதாக இருக்கலாம். அடுத்து, 1901, 1911 கணக்கில் அந்தப் பேரும் வயதும் உள்ள ஆள் அதே டவுன்லாண்டில் விவசாயம் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா அந்த வருஷம் போத்தனூரில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அவர் இவர் இல்லை. பிறகு அந்தத் தம்பதியின் மற்ற பிள்ளைகள் எல்லாரையும் தாயின் பிறந்த வீட்டுப் பேரை வைத்து எடுங்கள். இந்தியாவில் உங்கள் ஆள் தன் பிள்ளைகளுக்கு வைத்த பேர்கள் அந்த வரிசையில் எதிரொலித்தால் நல்ல அறிகுறி, இருந்தாலும் அது மட்டும் சான்று ஆகாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஆவணங்களாவது, உதாரணமாக ஒரு டிஸ்சார்ஜ் தாளும் ஒரு கல்யாணப் பதிவும், ஒரே ஊரையோ ஒரே தகப்பனாரையோ சுட்டினால்தான் பேனாவால் எழுதுங்கள், அதுவரை பென்சில். மூன்று பேர் மிஞ்சி, பிரித்தறிய வழியே இல்லையென்றால் மூன்று பேரையும் எழுதி வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மை. ஒரு குடும்பத்துக்குப் பொய்யான முன்னோரைக் கொடுப்பது சின்னத் தவறு இல்லை, பிள்ளைகளுக்கு அந்தப் பேரையே வைத்துவிடுகிறார்கள்.

ஐரிஷ் பாஸ்போர்ட்டுக்காகத் தேடுகிறவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். தாத்தா அல்லது பாட்டி அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்து குடியுரிமை பெற வழி உண்டு. கொள்ளுத்தாத்தா மட்டும்தான் அங்கே பிறந்தவர் என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ அந்தப் பதிவேட்டில் பதிந்திருந்தால்தான் நடக்கும். பணம் வாங்கிக்கொண்டு வேறு மாதிரி சொல்லும் ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். தகுதி இருந்தால், இணையத்துப் படம் செல்லாது, ராஸ்காமனில் இருக்கும் அவர்களுடைய பொதுப் பதிவு அலுவலகத்திலிருந்து முழுச் சான்றிதழ் வரவழைக்க வேண்டும். இந்தியப் பக்கத்துச் சங்கிலியில் கல்யாணச் சான்றிதழ்தான் பெண்ணின் பேர் மாறியதை இணைக்கும், அதை முதலில் தேடி வையுங்கள்.

டவுன்லாண்ட் வரை வந்துவிட்டவர்கள் அந்தப் பங்குக்கு ஒரு கடிதம் போடலாம், 1880க்குப் பிந்திய கோயில் பதிவுகள் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். மின்னஞ்சலைவிடத் தாள் கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் காணிக்கை அனுப்ப விருப்பம் என்றும் எழுதுங்கள். குடும்ப மரம் முழுவதையும் அதில் ஒட்ட வேண்டாம், ஒரு தம்பதியின் பேர், ஒரு டவுன்லாண்ட், உத்தேச வருஷங்கள், ஒரே ஒரு கேள்வி, ஒரு பக்கத்துக்குள் முடித்து உங்கள் முகவரியைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள்.